‘ப்ளே’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போர்த்துக்கீசியத்தில் எப்படி எழுதுவது?

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 8

குழந்தை வளர்ப்புக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து போர்த்துக்கீசியத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். போர்த்துகல், பிரேசில் இரண்டிலும் இதைப் படிப்பார்கள். ‘ப்ளே’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தமிழில் ‘விளையாடு’ என்று முடித்துவிடுவதைப் போல எல்லா இடங்களிலும் ‘ஜோகார்’ என்றே எழுதிவிட்டேன். சரிபார்த்த பிரேசில்காரர் பாதி இடங்களில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார், காரணம் எதுவும் எழுதவில்லை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் படிப்பவருக்கு எளிதல்லவா?

பிப்ரவரி 8, இரவு

கோடு போட்டவர் பக்கமே நியாயம் இருக்கிறது. ‘ஜோகார்’ என்பது விதிமுறை உள்ள ஆட்டத்துக்கான வினை. கால்பந்து, சதுரங்கம், சீட்டு, கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். குழந்தை மணலை அள்ளிக் கொட்டுவது, பொம்மைக்குச் சோறூட்டுவது, கட்டைகளை அடுக்கிச் சரித்துவிட்டுச் சிரிப்பது இவற்றுக்கெல்லாம் ‘பிரிங்க்கார்’ என்றுதான் சொல்வார்கள். பொம்மைக்கு ‘பிரிங்க்கேது’ என்ற பெயர் வந்ததும் அந்த வினையிலிருந்துதான்.

கித்தாரோ பியானோவோ வாசிப்பதற்கு ‘தோக்கார்’. அதே வினைக்குத் தொடுதல் என்ற பொருளும் உண்டு. மேடை நாடகம் ‘பேஸா’. மேடையில் நடிப்பது ‘ரெப்ரெசென்தார்’. ஒலிப்பதிவை ஓடவிடும் பொத்தானில் ‘ரெப்ரொதுசீர்’ என்று எழுதியிருக்கும்; பிரேசிலில் பேச்சு வழக்கில் ‘தார் ப்ளே’ என்று ஆங்கிலத்தையே வைத்துக்கொள்வார்கள். உங்கள் கையேடு சிறு குழந்தைகளைப் பற்றியது என்பதால் பெரும்பாலான இடங்களில் ‘பிரிங்க்கார்’ வர வேண்டும்.

பிப்ரவரி 9

நேற்றைய பதிலில் ஒன்று விட்டுப்போயிற்று. இந்தக் குழப்பம் தமிழர்களுக்கு வருவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. வீணையை மீட்டுகிறோம், நாதஸ்வரத்தை ஊதுகிறோம், வயலினை வாசிக்கிறோம். எனவே ‘தோக்கார்’ வரவேண்டிய இடத்தில் நம்மில் எவரும் ‘ஜோகார்’ என்று எழுதமாட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் போர்த்துக்கீசியம் கற்கத் தொடங்கும்போது ‘கித்தாரை ஜோகார் செய்கிறேன்’ என்று சொல்லி ஆசிரியரிடம் திருத்தம் வாங்குவது வழக்கம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிரிக்கெட்டும் விளையாட்டு, சொப்பு வைத்துச் சமைப்பதும் விளையாட்டு என்று இரண்டையும் ஒரே வினைக்குள் வைத்திருப்பதால், ‘பிரிங்க்கார்’, ‘ஜோகார்’ என்ற பிளவு நம் கண்ணில் படுவதில்லை. கேட்டவர் இடறியதும் சரியாக அந்த இடத்தில்தான்.

பிப்ரவரி 9, மாலை

பிளவை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறார். ‘யார் ஜெயித்தார்கள்?’ என்ற கேள்விக்கு அங்கே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘ஜோகார்’, இல்லையென்றால் பெரும்பாலும் ‘பிரிங்க்கார்’.

அகராதியைவிடப் பூங்காவில் உட்கார்ந்து கேட்டால் விரைவில் புரியும். லிஸ்பனில் எங்கள் வீட்டருகே ஒரு சிறுவர் பூங்கா இருக்கிறது. அங்கே சிவப்பு வாளி வைத்திருந்த ஒரு சிறுமி, சறுக்குமரத்தடியில் தனியாக நின்ற இன்னொரு குழந்தையிடம் போய் ‘கெரெஷ் பிரிங்க்கார் கொமீகு?’ என்று கேட்டாள். ‘என்னோடு விளையாட வர்றியா?’ என்பதுதான் அது. என்ன விளையாட்டு என்று அவளும் சொல்லவில்லை, மற்றவளும் கேட்கவில்லை. வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சற்றுத் தள்ளிப் பந்தோடு நின்ற பையன் பெரிய பையன்களிடம் கேட்டது ‘போசு ஜோகார்?’ என்று, அதாவது ‘நானும் ஆடலாமா?’ என்று. அவனை எந்த அணியில் சேர்ப்பது என்று அவர்கள் வாதாடத் தொடங்கினார்கள். முதல் கேள்வியில் துணை கேட்கப்படுகிறது. இரண்டாவதில், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றில் இடம் கேட்கப்படுகிறது. நான் கண்ட வரையில் நான்கு வயதுக் குழந்தைகூட இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதில்லை.

பிப்ரவரி 11

கண்ணாமூச்சி எந்தப் பக்கம் என்ற கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விதியும் உண்டு, தோற்பவரும் உண்டு, ஆனாலும் அது குழந்தைகளின் விளையாட்டு. பிரேசிலில் ‘பிரிங்க்கார்’ என்றே சொல்வார்கள், பின்னால் ‘ஜி’ என்ற இடைச்சொல் வரும். போர்த்துகலில் ‘பிரிங்க்கார்’, ‘ஜோகார்’ இரண்டையும் கேட்கலாம், இடைச்சொல்லும் வேறாகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன ‘யார் ஜெயித்தார்கள்’ சோதனையை எல்லைக் கோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேசிலில் ஆட்டத்தின் விதியைவிட ஆடுபவரின் மனநிலையே வினையைத் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரேசிலில் ‘ஜோகார்’ என்றால் எறிதல் என்றும் பொருள். குப்பையைப் போடாதீர்கள் என்ற அறிவிப்புப் பலகையில் அந்த வினைதான் இருக்கும். ‘ஜோகா போலா’ என்றால் பந்து விளையாடுகிறான், நடுவே ‘ஆ’ என்ற ஒற்றை எழுத்து சேர்ந்து ‘ஜோகா ஆ போலா’ என்றானால் பந்தை எறிகிறான். போர்த்துகலில் எறிவதற்கு ‘தெய்த்தார்’ போன்ற வேறு வினைகள் வழக்கில் இருப்பதால் அங்கே இந்த மயக்கம் குறைவு. கையேட்டில் பந்து பற்றிய பக்கத்தைப் பிரேசில்காரர் ஒருவரிடம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிப்ரவரி 12

சொற்பிறப்பைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘ஜோகார்’ லத்தீனில் வேடிக்கையாகப் பேசுவதைக் குறித்த வினையிலிருந்து வந்தது. இன்றோ வேடிக்கைக்காகச் சொன்னேன் என்பதற்குப் போர்த்துக்கீசியர் ‘பிரிங்க்கார்’ என்ற வினையைத்தான் எடுக்கிறார்கள். ‘எஷ்த்தோ அ பிரிங்க்கார்’ என்றால் ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று பொருள். இந்த இடத்தில் நம் ‘விளையாட்டு’ என்ற சொல் ‘பிரிங்க்கார்’ பக்கம் சாய்ந்து நிற்கிறது.

பிப்ரவரி 15

ஆங்கிலத்தின் ஒரே வினை போர்த்துக்கீசியத்தில் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கிறது என்பதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கபோய்ரா வட்டத்துக்குப் போக வேண்டும். பிரேசிலில், அடிமைப்படுத்தப்பட்டுக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களிடையே உருவான கலை அது. சண்டையும் நடனமும் பாட்டும் பிரிக்க முடியாதபடி அதில் கலந்திருக்கின்றன. 2014இல் யுனெஸ்கோ அந்த வட்டத்தை மானுடத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

போர்த்துக்கீசியத்தை நான் முதலில் கற்றுக்கொண்டது பிரேசிலில்தான். சால்வதோரில் ஒரு மாலை அப்படிப்பட்ட வட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். ‘பெரிம்பாவ்’ என்ற வில் வாத்தியத்தை ஒருவர் பிடித்திருந்தார். ஒற்றைக் கம்பி, அடியில் சுரைக்குடுக்கை, ஒரு கையில் மெல்லிய குச்சியும் சிறு கூடைக் கிலுகிலுப்பையும், மறு கையில் கம்பியில் வைத்து வைத்து எடுக்கும் ஒரு நாணயம். குடுக்கையை வயிற்றோடு ஒட்டியும் விலக்கியும் அவர் ஒலியை மாற்றிக்கொண்டே இருந்தார். அவர் செய்தது ‘தோக்கார்’. வட்டத்துக்குள் இருவர் செய்தது ‘ஜோகார்’. வாத்தியத்தின் தாளம் மெதுவானதும் உள்ளே காலசைவும் மெதுவாயிற்று. ஆங்கிலத்தில் இந்த இருவகைச் செயலுக்கும் ‘ப்ளே’ என்றே எழுதுவார்கள். அருகில் நின்ற முதியவர் மூன்றாவதாக ஒரு சொல்லைச் சொன்னார்: ‘வதியார்’. வேலைவெட்டியின்றித் திரிவது என்பது அதன் பொதுப்பொருள். பையா மாநிலத்தின் பழைய கபோய்ராக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை அந்தச் சொல்லாலேயே குறிப்பிட்டார்கள். 1890ஆம் ஆண்டின் பிரேசில் குற்றவியல் சட்டம் வேலையின்றித் திரிவோரையும் கபோய்ராக்காரர்களையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துத் தண்டித்தது என்பதை நினைத்துப் பார்த்தால், வசையாக வந்த சொல்லை அவர்கள் எவ்வளவு உரிமையோடு தங்களுக்கென எடுத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

கபோய்ராவில் ஜெயிப்பவர் என்று எவரையும் அறிவிப்பதில்லை, ஆனாலும் வினை ‘ஜோகார்’தான். ஆகவே என் சோதனைக்கு இன்னொரு திருத்தம்: எதிரே இருப்பவரின் அசைவுக்கு விடையாக அசைய வேண்டிய கட்டுப்பாடு இருந்தாலே ‘ஜோகார்’ வந்துவிடும்.

பிப்ரவரி 16

‘ஜோகு’ என்ற பெயர்ச்சொல்லைக் கையேட்டில் தனியாக விடாதீர்கள். அதற்குச் சூது என்ற பொருளும் வலுவாக உண்டு. ‘ஜோகதோர்’ என்றால் கால்பந்து வீரராகவும் இருக்கலாம், சூதாடியாகவும் இருக்கலாம். 1892இல் ரியோ விலங்குக்காட்சிச் சாலையில் பார்வையாளர்களை வரவழைக்கத் தொடங்கிய சீட்டுக் குலுக்கல், இருபத்தைந்து விலங்குகளின் பெயரால் நடக்கும் ‘ஜோகு து பீஷு’ என்ற சட்டவிரோதப் பந்தயமாக வளர்ந்து இன்றுவரை தொடர்கிறது. இணையப் பந்தயம் பெருகி, 2023 டிசம்பரில் அதற்கென ஒரு சட்டமே பிரேசிலில் வந்தபின், ‘ஜோகு’ என்று தனியாக எழுதினால் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுவாகவே இருக்கலாம். ‘ஜோகு குழந்தைக்கு நல்லது’ என்ற உங்கள் மூன்றாம் அத்தியாயத் தலைப்பை மாற்றியே ஆக வேண்டும்.

பிப்ரவரி 20

இவ்வளவு நேரம் நான் இதைச் சொல் தேர்வாகவே பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் இது ஒரு குழந்தையின் உரிமையை எப்படி எழுதுவது என்ற கேள்வியும் ஆகும், என் மனத்தில் பெரிதாக நிற்பது அதுதான்.

1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வு, ஓய்வுநேரம் ஆகியவற்றோடு ‘ப்ளே’யையும் குழந்தையின் உரிமையாக அறிவிக்கிறது. போர்த்துகலின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘ஜோகு’ என்பதன் பன்மை வருகிறது. அதாவது, ‘ஆட்டங்களில் பங்கேற்கும் உரிமை’. பிரேசில் 1990இல் ஆணையாக வெளியிட்ட மொழிபெயர்ப்பில் ‘திவெர்த்திமெந்து’ என்று, அதாவது ‘கேளிக்கை’ என்று இருக்கிறது. இரண்டிலுமே ‘பிரிங்க்கார்’ இல்லை. உடன்படிக்கையின் பிரெஞ்சுப் பிரதியில் உள்ள ‘ஜ்யூ’ என்ற சொல்லும் ஆங்கிலச் சொல்லைப் போலவே ஆட்டத்தையும் குழந்தை விளையாட்டையும் சேர்த்துக் குறிப்பது. ஆகவே மூலத்தில் பிளவு இல்லை. பிளவு உள்ள மொழிக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது.

தேர்வு எந்தப் பக்கம் விழுந்தது என்பதற்குப் பொருள் உண்டு. ஆட்டங்களில் பங்கேற்கும் உரிமையை ஒரு பள்ளி வாரத்தில் ஒரு மணி நேர உடற்பயிற்சி வகுப்பை வைத்து நிறைவேற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியும். வாளியைப் பிடித்துக்கொண்டு போன அந்த இரு சிறுமிகளின் உரிமை அதில் அடங்காது. உடன்படிக்கையை மேற்பார்வையிடும் குழு 2013இல் வெளியிட்ட 17ஆம் பொதுக் கருத்துரை, குழந்தைகள் தாங்களே தொடங்கி, தாங்களே நடத்தி, தாங்களே வடிவம் கொடுக்கும் செயல் என்று விளையாட்டை வரையறுக்கிறது. அது கட்டாயமற்றது, வேறொரு பயனைக் கருதாமல் அதன் பொருட்டே செய்யப்படுவது என்றும் சொல்கிறது. போர்த்துக்கீசியம் பேசும் எவரிடமும் இந்த வரையறையைப் படித்துக் காட்டி இது எந்த வினை என்று கேட்டால் ‘பிரிங்க்கார்’ என்றுதான் சொல்வார் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிரேசில் இதைத் தன் சொந்தச் சட்டத்தில் சரியாக எழுதியது. அதே 1990இல் வந்த குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் சட்டத்தின் 16ஆம் பிரிவு சுதந்திரத்துக்கான உரிமையை விரிக்கும்போது ‘பிரிங்க்கார்’ என்ற வினையை முதலில் வைத்து, விளையாட்டுப் போட்டிகளில் ஈடுபடுவதையும் மகிழ்ந்திருப்பதையும் அதன் பின் தனித்தனியாகச் சொல்கிறது. மொழிபெயர்ப்பாக அல்லாமல் தங்கள் குழந்தைகளை நினைத்து எழுதியபோது சொல் தானாக வந்திருக்கிறது. மழலைப் பருவத்துக்கென 2016இல் இயற்றிய சட்டம் ‘ஊ பிரிங்க்கார்’ என்று வினைக்கு முன்னால் சுட்டிடைச்சொல் சேர்த்து, அதைப் பெயராக்கி, அரசு முன்னுரிமை தர வேண்டிய துறைகளின் வரிசையில் வைத்திருக்கிறது. 1971இல் ஆங்கிலத்தில் வெளிவந்த வின்னிகாட்டின் உளப்பகுப்பாய்வு நூல் பிரேசிலுக்கு வந்தபோதும் தலைப்பில் இதே ‘ஊ பிரிங்க்கார்’ உத்தியைத்தான் கையாண்டார்கள். உங்கள் கையேட்டில் ‘ப்ளே’ பெயர்ச்சொல்லாக வரும் இடங்களுக்கு இதுவே என் பரிந்துரை.

பிப்ரவரி 22

போர்த்துகலைப் பற்றி முந்தைய குறிப்பில் எழுதியது அந்த ஓர் ஆவணத்துக்கு மட்டுமே பொருந்தும். 2016இல் அந்நாடு வெளியிட்ட மழலையர் கல்வி வழிகாட்டுதல்கள் ‘பிரிங்க்கா’ரைக் குழந்தையின் கற்றலுக்கு நடுவில் வைத்துப் பேசுகின்றன. அதேவேளை ‘ஜோகு’வும் கல்வியாளர்களின் எழுத்தில் நிலைத்திருக்கிறது. வாழைப்பழத்தைத் தொலைபேசியாக்கிக் காதில் வைத்துப் பேசும் விளையாட்டை அவர்கள் ‘ஜோகு சிம்போலிக்கு’ என்பார்கள். நடிப்புப் பயிற்சிக்கு ‘ஜோகு திரமாத்திக்கு’ என்று அந்த வழிகாட்டுதலிலேயே தலைப்பு உண்டு. இவை துறைச்சொற்கள், இவற்றை மாற்ற வேண்டாம். பெற்றோருக்கான கையேட்டில் முதலாவதற்கு ‘ஃபாஸ் தி கொந்தா’ என்று எழுதினால் போதும். ‘பாவனை’ என்று அதற்குப் பொருள், எல்லோரும் வீட்டில் சொல்லும் சொல் அது.

மார்ச் 1

இயந்திரத்தில் உள்ள ‘ப்ளே’யை ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன். ஓர் ஆலையின் பராமரிப்புக் கையேட்டை மொழிபெயர்த்தபோது சந்தித்தது இது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்பாமல் சற்று வெறுமனே அசைகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் ‘ப்ளே’ என்று பெயர். போர்த்துக்கீசியத்தில் ‘ஃபோல்கா’. எங்கள் தெருப் பட்டறைக்காரர் முன்சக்கரத்தை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, உள்ளேயிருந்து வந்த ‘டக் டக்’ ஒலியைக் கேட்டதும் ‘தெய்ங் ஃபோல்கா’ என்றார், அதாவது ‘இடைவெளி விட்டிருக்கிறது’ என்று. தொழிலாளிக்குக் கிடைக்கும் வார விடுமுறைக்கும் ‘ஃபோல்கா’ என்றே பெயர். நாட்டுப்புறத் திருவிழாக் கூத்துகளை பிரேசிலில் ‘ஃபோல்கேது’ என்பார்கள், அதுவும் இந்தக் குடும்பந்தான். மிகத் தொலைவில் நிற்பதாகத் தோன்றிய இயந்திரப் பொருளிலும் ஓய்வும் களிப்பும் கலந்த சொல்லையே போர்த்துக்கீசியம் எடுத்திருக்கிறது என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது.

மார்ச் 2

இதற்குத் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். நம் ஊர்ப் பட்டறைகளில் ‘ப்ளே இருக்கு’ என்றும் சொல்வார்கள், ‘ஆட்டம் இருக்கு’ என்றும் சொல்வார்கள். பல் ஆடுகிறது, ஊஞ்சல் ஆடுகிறது, கூத்தாடுகிறார்கள், சூதாடுகிறார்கள், பந்தாடுகிறார்கள் எல்லாவற்றிலும் இருப்பது அந்த வேர்தான். ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவமும் விரைந்த அசைவையே குறித்தது. எனவே ‘ப்ளே’க்கு அருகில் நிற்கும் தமிழ் வினை ‘விளையாடு’ என்பதைவிட ‘ஆடு’ என்பதே. வாத்தியம் மட்டும் அதற்குள் வராது.

மார்ச் 5

கேட்டவர் திருத்திய படியை அனுப்பியிருந்தார், படித்தேன். மூன்றாம் அத்தியாயத் தலைப்பு இப்போது ‘ஊ திரெய்த்து தி பிரிங்க்கார்’, விளையாடும் உரிமை. மிகச் சரி. வளரிளம் பருவத்தினரைப் பற்றிய ஏழாம் அத்தியாயத்தில் ‘பிரிங்க்கார் இ ஜோகார்’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் ‘பிரிங்க்கார்’ என்று மட்டும் சொன்னால் தன்னைச் சிறுபிள்ளையாக்குவதாக நினைக்கும்.

இரண்டு இடங்கள் பாக்கி. குறும்பு செய்து ஏமாற்றுவது என்ற தொடருக்கு பிரேசிலில் ‘பிரெகார் ஊமா பேஸா’, போர்த்துகலில் ‘பிரெகார் ஊமா பர்த்தீதா’. இரு நாட்டுக்கும் ஒரே படியானால் ‘பிரிங்க்கதெய்ரா’ என்று பொதுவாக எழுதிவிடலாம். விளையாட்டிடத்துக்குப் போர்த்துகலில் ‘பார்க்கி இன்ஃபன்தீல்’ என்கிறார்கள், பிரேசிலுக்கும் அது புரியும். ரியோ அடுக்குமாடிகளில் பிள்ளைகள் அதை ‘ப்ளே’ என்றே அழைத்து, மாலையானால் ‘ப்ளேக்கு இறங்குகிறேன்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கையேட்டில் சேர்க்க வேண்டாம், மற்ற ஊர்களில் விளங்காது.